கூடி வாழும் சிறுமீன்கள்

புதுவை நகரின் தாவரவியல் பூங்கா 1826ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரால் தோற்றுவிக்கப்பெற்றது. மரஞ்செடிகளைக் காணச் செல்வோர் கண்டு களிக்க அங்கு மீன் காட்சியகமும் பின்னர் அமைக்கப்பெற்றது. கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் வண்ண மீன்களைக் கண்ட சிறுவர், தம் இல்லத்திலும் அத்தகைய தொட்டி வேண்டுமென விழைதல் இயல்பே. அவ்விழைவு குற்றமுடையதன்று. ஆனால், வளர்ப்போன் தன் கண்ணின் விருப்பத்தை மட்டும் கருதாது, மீனின் இயல்பையும் அறிந்து வளர்த்தல் வேண்டும்.

கண்ணாடித் தொட்டி அறிவு வேட்கையில் பிறந்தது. ழான் வில்புரோ பவர் என்னும் பிரெஞ்சு நாட்டு அம்மையார், கடலுயிர்களின் வாழ்வை நேரிற் கண்டறியும் பொருட்டு, 1832ஆம் ஆண்டில் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். உயிரை அதன் போக்கில் வாழவிட்டு உற்று நோக்குதலே அவர்தம் நோக்கம். இன்று தொட்டி வைப்போரும் அந்நோக்கத்தை மறத்தலாகாது.

சிறுமீன்களுட் பல கூட்டமாக வாழ்வன. அவற்றின் உடலின் இருமருங்கும் ஓடும் உணர்கோடு, நீரில் எழும் சிறு அசைவையும் உணர்த்தும். கண்ணும் அக்கோடும் துணைசெய்ய, கூட்டம் முழுவதும் ஒருங்கே திரும்பும். பகைமீன் வருங்கால் பல கண்கள் காவல் புரியும். பலவாய்த் திரியும் உடல்களிடையே ஒன்றைக் குறிவைக்க இயலாது பகைமீன் மயங்கும். ஆகவே, கூட்டமே அச்சிறு மீனுக்கு அரண். அதனைத் தனியே பிரித்து வைத்தால் அஞ்சி மூலையில் ஒடுங்கும்; நிறம் மங்கும்; இரையையும் வெறுக்கும்.

'மீன்தானே, ஒன்றோ இரண்டோ ஒரு குடுவையில் இருந்தால் என்ன?' என்பார் உளர். பொருந்தாக் கூற்று அது. இவ்வின மீன்களை ஆறுக்குக் குறையாமல் வளர்த்தல் வேண்டும். பத்து இருப்பின் இன்னும் நன்று. அவை நீந்தித் திரிய நீளமான தொட்டி வேண்டும். 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் நீர் கொள்ளும். அதற்கு இடமில்லாதார் இம்மீன்களை வாங்காதிருத்தலே அறம்.

இடத்தினும் இன்றியமையாதது நீர். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் தொட்டியிற் பெருகச் சில வாரங்கள் ஆகும். இன்று தொட்டி வாங்கி இன்றே மீனை விடுவோர், நாளை அது மாண்டது கண்டு வியப்பதிற் பொருளில்லை. குழாய்நீரில் குளோரின் இருப்பின் அதனை நீக்கிய பின்னரே தொட்டியில் ஊற்றுதல் வேண்டும். மிகுதியாக இரையிடுதலும் அன்பாகாது. உண்ணாத இரை அழுகி நீரைக் கெடுக்கும்.

மீனைத் தேர்வதிலும் ஊரின் நீரை எண்ணுதல் நலம். நீலமும் சிவப்பும் ஒளிரும் நியான் டெட்ரா, அமேசான் ஆற்றுப் பகுதியின் மென்னீருக்கு உரியது. 1936ஆம் ஆண்டில் அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். புதுவையோ கடலை அடுத்த ஊர்; இப்பகுதியின் நிலத்தடி நீரில் உவர்ப்பு ஏறுவதுண்டு. இத்தகைய இடத்தில் நம் நாட்டிற்கும் உரிய வரிக்குதிரை மீன் ஏற்றது. 1822ஆம் ஆண்டில் ஆமில்டன் என்பார் தம் கங்கையாற்று மீன் நூலில் விவரித்த இச்சிறுமீன், கடினநீரையும் ஓரளவு தாங்கி வாழும், விரலளவும் வளராது.

வளர்த்துச் சலித்தோர் சிலர், 'விடுதலை அளிக்கிறோம்' என்று மீன்களை ஏரியில் விடுகின்றனர். தொட்டியைத் தூய்மை செய்யவென வளர்க்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய் மீன், இவ்வாறு தமிழகத்து நீர்நிலைகளிற் புகுந்து பெருகிவிட்டது. ஊசுட்டேரி, 2008ஆம் ஆண்டில் புதுவை அரசால் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்கும் நாட்டு மீன்களுக்கும் புகலிடமாவது. அங்கு அயல்மீனை விடுதல் ஓருயிருக்கு இரங்குவதுபோல் தோன்றிப் பல உயிர்க்குக் கேடு சூழ்வதாகும். வளர்க்க இயலாதார் வேறொரு வளர்ப்போரிடம் ஒப்படைத்தல் கடன்.

மீனுக்கு வாய்திறந்து குறை கூறும் ஆற்றல் இல்லை. அதன் குறையை அது கூறாமலே உணர்தல் வளர்ப்போனின் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்கும் மாணவனே தொட்டி வைக்கத் தகுதியுடையவன். ஏனையோர் காட்சியகத்திற் கண்டு மகிழ்தலே சாலும்.