டைல்ஸ் பதிக்க முதல் ஐந்து வாளித் தண்ணீர்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக் கொண்டிருப்பவர்களும், மகளுக்கு மாடி எடுக்கும் யோசனையில் இருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

நான் என்ஜினியர் இல்லை, கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். சொந்த வீட்டில் பட்ட பிறகு தேடிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

நம்ம கிழக்கு மாகாண வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கீழ் வீடு மூத்த மகளுக்கு, மேல் மாடி இளையவளுக்கு. காணி இருக்கிற அளவுக்கு வேறு வழியும் இல்லை. இளையவளின் நிக்காஹ்வுக்கு முதல் மாடியை முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். டைல்ஸ் தெரிவு செய்ய மட்டும் நாலு நாள் கடை கடையாக ஏறி இறங்கினோம். மேசன் ஒருநாள் கேட்டார், "ஸேர், பாத்ரூமுக்கு வோட்டர் புரூஃப் அடிக்கிறதா?" நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் கேட்கிறது: "டைல்ஸ் பதிக்கிறதுதானே, அதுக்குள்ளால தண்ணி எங்க போகப் போகுது?"

ஒன்றரை வருடத்தில் தண்ணி வழியைக் கண்டுபிடித்துவிட்டது. கீழே மூத்தவள் தொழுகிற அறையின் கூரைத் தட்டில் முதலில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். பிறகு பெயின்ட் கொப்புளித்தது. பிறகு சொட்டு. "வாப்பா, இது மேல கொமட் பக்கத்தால வாற தண்ணி. இதுக்குக் கீழ எப்படி முஸல்லா விரிக்கிற?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய பிரச்சினை. திருத்துகிற செலவு யாருக்கு? மேலிருந்துதானே வருது என்கிறார் கீழ் மருமகன். வாப்பா கட்டித் தந்த வீடுதானே என்கிறார் மேல் மருமகன். ஒரே கேற்றால் போய்வருகிறவர்கள் மூன்று மாதம் ஸலாம் சொல்லிக் கொள்ளவில்லை. கடைசியில் நான் நாலு நாள் தெரிவு செய்த டைல்ஸை நானே நின்று உடைப்பித்தேன். அதே டைல்ஸ் திரும்பக் கடையில் கிடைக்கவும் இல்லை.

இதில் மேசன் மேல் குற்றம் இல்லை. அவர் கேட்டார், நான்தான் வேண்டாமென்றேன்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. டைல் தடுக்கலாம். ஆனால் இரண்டு டைலுக்கு நடுவில் இருக்கிற சீமெந்துக் கோடு தண்ணீரை உறிஞ்சும். அதன் வழியாக இறங்குகிற தண்ணி, கீழே இருக்கிற சாந்தில் ஊறி, பைப் போன ஓட்டையையும் சுவரும் நிலமும் சேருகிற மூலையையும் தேடிப் போகும். ஸ்லப்புக்குள் இருக்கிற கம்பியைத் தொட்டால் கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கிற சாமான். அது கொங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று வேறு இருக்கிறது. அதனால் கீழே பெயின்ட் அடித்து மறைப்பது வைத்தியமே இல்லை. மேலிருந்துதான் அடைக்க வேண்டும்.

"எங்கட வாப்பாமார் கட்டின வீட்டுக்கு என்ன வோட்டர் புரூஃப்?" என்று ஒரு மூத்தவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் கக்கூசும் கிணத்தடியும் வளவு மூலையில் இருந்தன. சிந்திய தண்ணியை மணல் குடித்தது. இன்று நாம் அதைத் தூக்கி, இன்னொருவர் படுக்கிற அறைக்கு மேலே வைத்திருக்கிறோம்.

இன்னும் சிலர், சாந்துக்குள் ஒரு திரவத்தை ஊற்றிக் குழைத்தால் போதும் என்பார்கள். அது சாந்தைக் கொஞ்சம் இறுக்கமாக்கும். ஆனால் வெடிப்பையும் பைப் ஓட்டையையும் அது மூடாது.

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான். பைப் வேலை முழுக்க முடிந்து, பைப்பில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஸ்லப்பில் ஒட்டியிருக்கிற சாந்துக் கட்டிகளைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பைப்பைச் சுற்றி இருக்கிற இடைவெளியைச் சுருங்காத சாந்தால் அடைக்க வேண்டும். சுவர் மூலைகளைச் சாந்தால் வளைவாக எடுத்து, வலைத்துணி வைக்க வேண்டும். பிறகு தூளும் திரவமும் கலந்து பூசுகிற பூச்சு, இரண்டு தடவை. முதல் தடவை நெடுக்காக அடித்தால் இரண்டாம் தடவை குறுக்காக. நிலத்தோடு நிறுத்தாமல் சுற்றுச் சுவரில் ஒரு அடி உயரத்துக்கும், குளிக்கிற மூலையில் ஆறு அடிக்கும் ஏற்ற வேண்டும்.

5க்கு 8 அடி பாத்ரூமுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலம் 40 சதுர அடி. சுற்றிவர ஒரு அடி என்றால் 26. குளிக்கிற மூலையில் இரண்டு பக்கமும் மும்மூன்று அடிக்கு மேலதிகமாக 30. மொத்தம் 96 சதுர அடி. இவ்வளவுதான்! இதற்கான செலவையும், முழுச் சுவருக்கும் டைல்ஸ் ஏற்றுகிற செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பரீட்சை. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைத்துவிட்டு ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். 40 சதுர அடிக்கு ஏறக்குறைய 94 லீற்றர், அதாவது 20 லீற்றர் வாளியால் ஐந்து வாளி. சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 24 மணித்தியாலம், முடிந்தால் 48, அப்படியே விடுங்கள். பிறகு கீழே போய் கூரைத் தட்டைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் இப்போதே திருத்தலாம், டைல்ஸ் உடைக்கத் தேவையில்லை. ஐந்து வாளித் தண்ணீருக்கு இதைவிடப் பெறுமதி வேறெங்கும் கிடைக்காது.

பல்கனியையும் மறக்க வேண்டாம். வெயிலில் விரிந்து, மழையில் சுருங்குகிற இடம் அது. அங்கே வளைந்து கொடுக்கிற பூச்சுத்தான் வேண்டும். நிலம் அறையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வாட்டம் வெளிப்பக்கம், ஒரு அடிக்குக் கால் அங்குலம். பூச்சு முடிந்த பிறகு கைப்பிடிக் கம்பி பூட்டுகிறவர் வந்து துளை போட்டால், செய்த வேலை எல்லாம் வீண். அவரை முதலில் வரச் சொல்லுங்கள். மாரி மழை தொடங்கினால் பிறகு எதையும் காயவைக்க முடியாது, கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

வீடு கட்டுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். மேசனோடு கூலி பேசும்போது வோட்டர் புரூஃபைத் தனி வேலையாகப் பேசுங்கள். அதற்கு ஒரு கிழமை அவகாசமும் கொடுங்கள். தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகுதான் அந்த வேலைக்கான கடைசிக் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசிவிட்டு, பிறகு அவர் அவசரப்பட்டார் என்று குறை சொல்வது நியாயமில்லை.

வீடு குடிபுகுகிற அன்று வருகிறவர்கள் டைல்ஸைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கீழே இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் நம்முடைய பிள்ளைகள் அயலவர்களாகவும் வாழ வேண்டிய வீடு அது. மேலே இருப்பவரின் தண்ணீர் கீழே இருப்பவரின் தலையில் சொட்டாமல் பார்ப்பது அயலவர் உரிமையில் சேர்ந்தது இல்லையா?

என் மருமக்கள் இப்போது பேசிக் கொள்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டில் அந்த மூன்று மாதம் வராமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன். மேசன் வேலை தெரிந்த சகோதரர்கள், நான் விட்ட பிழை ஏதும் இருந்தால் கொமென்டில் திருத்துங்கள். வீடு கட்டுகிற ஒருவருக்காவது இதைக் காட்டுங்கள்.