வேவுகாரன் அவன், வேலைக்காரன் நாமா?

மம்சாபுரத்துத் தேநீர்க் கடையொன்றிலே சென்ற வாரம் ஒரு வாதம். மில்லில் இரவு வேலை முடித்து வந்த இளந்தோழர் ஒருவர் கைப்பேசியிலே படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜேம்ஸ்பாண்ட் வரிசையிலே பதின்மூன்றாவதாக, 1983-இல் வந்த 'ஆக்டோபஸ்ஸி'. "நம்மவர் நடித்த படம், அண்ணே! சென்னை விஜய் அமிர்தராஜ்!" என்றார் பெருமையோடு.

"என்னவாக நடித்திருக்கிறார்?" என்று கேட்டேன்.

"பாண்டுக்கு உதவியாளாக."

"முடிவில் என்ன ஆகிறார்?"

தோழர் சற்றே தயங்கினார். "கொன்றுவிடுகிறார்கள்" என்றார்.

அந்தத் தயக்கத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

விஜய் அமிர்தராஜ் யார்? 1973-இல் விம்பிள்டனில் காலிறுதி வரை சென்று, உலகத்தைத் தமிழ்நாட்டின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த ஆட்டக்காரர். அடுத்த ஆண்டு, 1974-இல், டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்தது. எதிரே நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. தோலின் நிறத்தைப் பார்த்து மனிதனைத் தரம் பிரித்த அந்த அரசின் அணியோடு ஆடமாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை போயிற்று, மானம் நின்றது! அந்த அணியின் முன்னணி வீரர் அமிர்தராஜ்.

அத்தகைய வீரருக்கு ஒன்பது ஆண்டு கழித்து வெள்ளித்திரை வழங்கிய வேடம் எது? மகுடி ஊதும் பாம்பாட்டி! வெள்ளைக்கார உளவாளியை வரவேற்று, வண்டியோட்டி, அவன் பகைவரை டென்னிஸ் மட்டையால் அடித்து விரட்டி, பின் அவனுக்காக உயிரையும் விடும் உதவியாள்! நடித்தவரை நான் குறை கூறவில்லை. நடிப்பு அவர் தொழில். அந்த வேடத்தை வெட்டித் தைத்த கைகளைத்தான் கேட்கிறேன்.

கதை நடப்பது உதயப்பூரிலே. ஆனால் அரண்மனையில் அமர்ந்திருக்கும் இளவரசராக நடித்தவர் பிரெஞ்சுக்காரர். ஏரி நடுவே வாழும் தலைவியாக வந்தவர் ஸ்வீடன் நாட்டவர். இந்தியருக்குக் கிடைத்த இடம் எது? வில்லனுக்கு வாயிற்காவல், நாயகனுக்கு எடுபிடி. தெருவிலோ நெருப்பிலே நடப்பவன், வாளை விழுங்குபவன், முட்படுக்கையிலே கிடப்பவன். துரத்தி வருகிறவர்களிடமிருந்து தப்பப் பாண்ட் ரூபாய் நோட்டுகளை அள்ளி வீசுகிறான். கூட்டம் விழுந்தடித்துப் பொறுக்குகிறது. சூதாட்டத்தில் வென்ற பணத்தைத் தனக்கு உதவிய இந்தியரிடம் நீட்டி, சில வாரக் கறிச்செலவுக்கு ஆகும் என்ற பொருளிலே ஒரு நையாண்டியும் பேசுகிறான். அரங்கம் சிரிக்கிறது. எதைக் கண்டு சிரித்தோம், தோழர்களே? நம்மையே கண்டு அல்லவா?

யானை மீதேறி வேட்டைக்குப் போகிறார்கள். காட்டில் புலி வருகிறது. பாண்ட் அதட்டியதும் அது நாய்க்குட்டியாய் உட்காருகிறது. அந்தப் படம் வருவதற்குப் பதினோராண்டு முன்பே, 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வந்துவிட்டது. 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டமும் தொடங்கிவிட்டது. மம்சாபுரத்துக்கு மேற்கே எழும் மலைத்தொடர் 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. மன்னர் மானியத்தை 1971-இல் ஒழித்து, புலிக்குச் சட்டம் செய்து, பழையன கழித்துக்கொண்டிருந்த நாட்டை, மகாராஜாக்களும் மாயவித்தைக்காரர்களும் மட்டுமே வாழும் நாடாகக் காட்டினார்கள்.

ஏன் காட்டினார்கள்? வரலாற்றிலே விடை இருக்கிறது.

பாண்டைப் படைத்த இயன் பிளெமிங் முதல் நாவலை வெளியிட்டது 1953-இல். இந்தியா கைநழுவி ஆறாண்டு ஆகியிருந்த காலம். அவர் எழுதிய இடம், அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த ஜமைக்காவில் 'கோல்டன் ஐ' என்னும் கடற்கரை வீடு. 1956-இல் சூயஸ் கால்வாயைப் பறிக்கப் படையெடுத்து, உலகம் காறி உமிழப் பின்வாங்கிய பிரதமர் ஆன்டனி ஈடன், உடைந்த உடலோடு ஓய்வெடுக்கப் போனாரே, எங்கே? அதே வீட்டுக்கு! தோற்றவர் தங்கியதும், தோல்வியே அறியாத நாயகன் பிறந்ததும் ஒரே கூரையின் கீழ்! மண்ணிலே இழந்த சாம்ராஜ்யத்தைத் திரையிலே மீட்டுக்கொண்டார்கள்.

ஜமைக்கா விடுதலை பெற்றது 1962 ஆகஸ்டிலே. அந்தத் தீவிலேயே படமாக்கிய முதல் பாண்ட் படம் 'டாக்டர் நோ' லண்டனில் திரைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரிலே. அதிலே குவாரல் என்றொரு கறுப்பினத் தோழன். பாண்ட் அவனைத் தன் காலணிகளை எடுத்துவரச் சொல்கிறான். பிறகு அவன் நெருப்பிலே வெந்து சாகிறான். அடுத்த ஆண்டுப் படத்திலே துணை நின்ற துருக்கிய நண்பர் கெரிம் பே சாகிறார். 1983-இல் உதயப்பூரிலே நம்மவர் சாகிறார். எல்லாப் படத்திலும் இப்படியே என்று சொல்லமாட்டேன். ஜப்பானியத் தனகா பிழைத்தார். ஆயினும் மண்ணின் மைந்தன் மடிவதும், வந்தவன் வெற்றிக்கொடி நாட்டுவதும் அடிக்கடி ஓதப்படும் பாடமாக இருப்பதைப் பார்க்க மறுக்கலாமா?

"படந்தானே! பொழுதுபோக்குத்தானே!" என்பார்கள். பொழுது மட்டுமா போகிறது? கூடவே பார்வையும் அல்லவா போகிறது! "கண்டிப்பதால் என்ன பயன்?" என்றும் கேட்பார்கள். பயன் உண்டு. உலகெங்கும் எழுந்த கண்டனக் குரல்கள் வீண்போகவில்லை. 2021-இல் வந்த இருபத்தைந்தாவது படத்தில் 007 என்ற எண்ணையே ஒரு கறுப்பினப் பெண் தாங்கி வந்தாள். அவள் யாருக்கும் காலணி எடுக்கவில்லை!

தடை செய் என்று நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலின் அறிவை நாம் அறிவோம். 2015-இல் 'ஸ்பெக்டர்' வந்தபோது நமது தணிக்கை வாரியம் முத்தக் காட்சிகளின் நீளத்தை அளந்து பாதியாகக் குறைக்கச் சொன்னது. உதடுகளின் நெருக்கம் உறுத்திற்று. மானத்தை அளக்க எந்த அளவுகோலும் அங்கே இல்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியது பார்வையாளனின் கண்.

அந்தக் கண்ணை நம் வீட்டுப் பக்கமும் திருப்ப வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. ஜெய்சங்கரைத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று கொண்டாடினோம். இரவல் பட்டமானாலும், துப்பறியும் நாயகன் தமிழனாக நின்றானே என்று மகிழலாம். ஆனால் 1986-இல் வந்த 'விக்ரம்' படத்தில் நாம் செய்தது என்ன? 'சலாமியா' என்றொரு நாட்டைக் கற்பனை செய்து, அதன் அரசனைக் கேலிப்பொருளாக்கிச் சிரித்தோம். உதயப்பூரிலே அவர்கள் நமக்குச் செய்ததை மூன்றே ஆண்டில் சலாமியாவிலே நாம் பிறருக்குச் செய்தோம்! அடிபட்டவனே அடுத்தவனை அடிப்பது சுயமரியாதை ஆகாது.

இப்போது புது முதலாளி வந்திருக்கிறார். 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் ஆக்கப் பொறுப்பை அமேசான் நிறுவனம் தன் கைக்குக் கொண்டுவந்தது. இருபத்தாறாவது படத்துக்கு இயக்குநரும் அறிவிக்கப்பட்டுவிட்டார். அந்தப் படம் நம் நகரங்களுக்கும் வரும். நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வரும். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சண்டைக் காட்சிக்குக் கைதட்டுங்கள். ஆனால் நம்மைப் போன்ற நிறத்தில் ஒருவன் திரையின் ஓரத்தில் தோன்றினால், அவன் என்ன செய்கிறான், யாருக்காகச் சாகிறான் என்று கேளுங்கள்.

தேநீர்க் கடைத் தோழர் கைப்பேசியை மடியிலே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்த நோட்டு வீசும் காட்சியில் நானும் சிரித்தேன். இனி வராது அந்தச் சிரிப்பு."

அது போதும். கோப்பையைத் துறந்து மானத்தைக் காத்த நாட்டவர் நாம். வீசியெறியும் நோட்டைப் பொறுக்கும் கூட்டமல்ல!