கடைசி வரியில் காரணம் இல்லை

பைத்தான் தொகுப்பு ஒன்று இன்ஸ்டால் ஆகவில்லை என்று அலுவலகத்து இளைஞர்கள் எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் கடைசி வரி மட்டுமே இருக்கும்: கம்பைலர் கட்டளை தோல்வி. காரணம் பல வரிகள் மேலே கிடக்கும். அதைப் படிக்காமல் பைத்தானையே அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

வேகம் வேண்டிய இடங்களில் பைத்தான், சி, சி++ மொழிகளில் எழுதிய துண்டுகளை நம்பியிருக்கிறது. கம்பைலர் அவற்றை இயந்திர மொழியாக்கும்; அவை கூப்பிடும் வெளிப்பெயர்கள் எந்த லைப்ரரியில் இருக்கின்றன என்று தேடிச் சேர்ப்பது லிங்கரின் வேலை. மேக் கணினியில் மைஎஸ்கியூஎல் தொகுப்பைக் கட்டும்போது, எஸ்எஸ்எல் லைப்ரரி கிடைக்கவில்லை என்று லிங்கர் நின்றுவிடுவதுண்டு. ஹோம்ப்ரூ வழியாக ஓபன்எஸ்எஸ்எல் போட்டிருந்தாலும் நிற்கும். லிங்கர் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லாமல் அது வேறு அடைவில் இருப்பதே காரணம். எல்டிஃப்ளாக்ஸ் மாறியில் அந்த அடைவைச் சொன்னால் போதும்.

லினக்ஸில் வருவது இதைவிடப் பொல்லாதது. விண்டோஸ் லிங்கர், பெயர் கிடைக்காவிட்டால் எல்என்கே2019 என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். லினக்ஸ் லிங்கரோ, இத்தகைய துண்டுகளைக் கட்டும்போது சும்மா விட்டுவிடும். பைத்தானின் சொந்த ஃபங்ஷன்களே ஓடும்போதுதான் கிடைக்கின்றன என்பதால் இந்தச் சலுகையை எளிதில் பறிக்கவும் முடியாது. கட்டுவது வெற்றி, இம்போர்ட் செய்தால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்', பக்கத்தில் சி++ கம்பைலர் திரித்து வைத்த, வாய்க்குள் நுழையாத ஒரு நீளப் பெயர்.

அந்தப் பெயரைத்தான் படிக்கச் சொல்கிறேன். சி++ஃபில்ட் கருவியில் போட்டால் மனுஷ பாஷைக்கு வந்துவிடும். சாதாரண சி ஃபங்ஷன் ஒன்று சி++ பாணியில் திரிந்து கிடந்தால், ஹெடரில் 'எக்ஸ்டர்ன் சி' விட்டுப்போயிருக்கிறது. நடுவில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' தென்பட்டால், 2015இல் ஜிசிசி 5 ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பை மாற்றியதன் மிச்சமாக இருக்கலாம். பழைய பாணியில் ஒரு பாதியும் புதிய பாணியில் ஒரு பாதியும் கட்டப்பட்டிருக்கும். எங்கள் குழுவில், கட்டி முடித்த கையோடு இம்போர்ட் செய்து பார்க்காமல் எதுவும் வெளியே போகாது.

ஆயத்தமாகக் கட்டிய 'வீல்' கோப்புகள் பெருகியதால் பலருக்கு லிங்கரின் முகமே தெரியாது. நல்லதுதான். ஆனால் அந்த வீலை யாரோ கட்டியாக வேண்டுமே! நேர்காணலுக்கு வருகிறவர்கள் கம்பைலரின் படிநிலைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒரு கோப்பில் உள்ள பெயர்களைக் காட்டும் என்எம், அது தேடும் லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளைகளைத் தட்டிப் பார்த்தவர்கள் அபூர்வம். கல்லூரி ஆய்வகத்தில் வேண்டுமென்றே ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டு, எந்தப் பெயர் அநாதையாக நிற்கிறது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை; ஜிசிசி போட்ட லினக்ஸ் கணினியில் அந்த இரண்டு கட்டளைகளும் ஏற்கெனவே இருக்கின்றன.