ரூ.50,000 கோடி ஆராய்ச்சி நிதி: அரசு தருவது எவ்வளவு?

கோவையிலிருந்து தொண்டாமுத்தூர் போகும் சாலையில், வீரகேரளத்தில் இருக்கிறது கரும்பு இனப்பெருக்க நிறுவனம். 1912-ல் தொடங்கியது. உத்தரப் பிரதேச விவசாயி 'கோ 0238' என்று ஒரு ரகத்தைச் சொன்னால், அந்த 'கோ' நம்ம கோயம்புத்தூர்தான்.

1918-ல் இங்கிருந்து வெளியான 'கோ 205', கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து உருவானது. நாணலில் சர்க்கரை பெயருக்குத்தான் இருக்கும். ஆனால், வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் குணம் அதில் இருந்தது. 1930-களில் ஜானகி அம்மாள் இங்கே கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். அது ஆலைக்கான ரகம் தேடும் வேலை அல்ல. குரோமோசோம்களைப் புரிந்துகொள்ளும் வேலை. இன்றைய 'ப்ராஜெக்ட் புரபோசல்' படிவத்தில் 'இதனால் என்ன பயன்?' என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்?

இந்தக் கேள்வி இப்போது முக்கியம். 2023-ல் சட்டம் இயற்றி, 'அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை' உருவாக்கப்பட்டது. தலைவர், பிரதமர். 5 ஆண்டுகளுக்கு ரூ.50,000 கோடி என்று அறிவித்தார்கள். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால், அதில் மத்திய அரசின் பங்கு ரூ.14,000 கோடி மட்டுமே. மீதி ரூ.36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வர வேண்டும். 140 கோடிப் பேருக்கு வகுத்தால், அரசின் பங்கு ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். பேக்கரியில் ஒரு டீ குடித்தால் மிச்சம் பெரிதாக இருக்காது.

கோவையில் பம்ப் தயாரிக்கும் முதலாளியிடம் போய், 'பலன் 20 வருஷம் கழித்து வரலாம், வராமலும் போகலாம்' என்று நிதி கேட்டால் என்ன சொல்வார்? அவரைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளமும் வங்கி வட்டியும் அவருக்கு இருக்கிறது. அதனால்தான் அடிப்படை ஆராய்ச்சியை உலகெங்கும் பெரும்பாலும் அரசுகளே சுமக்கின்றன.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ரூ.1 லட்சம் கோடித் திட்டமும் இந்தக் குறையைத் தீர்க்காது. அது ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கு, தனியார் துறைக்கு, பெரும்பாலும் கடனாகத் தரும் பணம். முளைக்காத விதைக்கு அங்கே இடமில்லை.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஜிடிபியில் 0.64 சதவீதம், தென் கொரியா 5 சதவீதத்தை ஒட்டி. தனியார் பணம் வரும்வரை காத்திருக்காமல், அடிப்படை அறிவியலுக்கென்று ஒரு பங்கை அரசு தனியே ஒதுக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகை மாதம் தவறாமல் வர வேண்டும்.

வடக்கே பெரும்பரப்பில் பயிரான அதே கோ 0238 இப்போது செவ்வழுகல் நோயில் சிக்கித் தவிக்கிறது. அடுத்த ரகத்துக்கான குணம் எந்தக் காட்டுப் புல்லில் இருக்கிறதோ, தேடிப் பார்க்க ஆள் வேண்டும்.