மழை தூறுதா என்று பார்த்த கை

தூக்கம் வராத ராத்திரியில் போனைத் தள்ளிக்கொண்டே போனால், எப்போதாவது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் படும். தெரியாத மொழி, தெரியாத முகங்கள். "பத்து நிமிஷம் பார்ப்போம், போரடிச்சா மாத்திக்கலாம்" என்று ஆரம்பிப்பதுதான். அப்படிச் சும்மா ஆரம்பித்தவர்களை எழுந்திருக்க விடாத படம், 1952-ல் வந்த இத்தாலியப் படம் 'உம்பர்தோ டி.' ஒன்றரை மணி நேரம்தான். 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்த விட்டோரியோ டி சிகாதான் இயக்குநர்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ரோம் நகரத்தில், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பென்ஷன் பற்றவில்லை, வாடகை பாக்கி. வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்கிறாள். துணைக்கு இருப்பது ஃப்ளைக் என்ற சின்ன நாய். கடிகாரத்தை விற்கிறார், புத்தகங்களை விற்கிறார். அப்படியும் தேறவில்லை.

பிச்சை எடுத்தால்தான் என்ன? தெருவில் நின்று, தயங்கித் தயங்கிக் கையை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வரும் நொடியில், சட்டென்று கையைத் திருப்பி, மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்க்கிறார். அப்புறம் தொப்பியை நாயின் வாயில் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்கிறார். அந்த நேரம் பார்த்துத் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட, நாய் விளையாடுகிறது என்று சமாளிக்கிறார். பிள்ளையிடம் மாத்திரைக்குப் பணம் கேட்க வந்து, "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று திரும்பிப் போகிற அப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு சப்டைட்டில் தேவைப்படாது.

அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகாமல் கர்ப்பம். காலையில் சமையலறையில் காபிக்கொட்டை அரைத்தபடியே காலை நீட்டிக் கதவைச் சாத்துகிறாள். கண் கலங்கியிருக்கிறது. வசனமே கிடையாது. கதைக்கு அவசியமே இல்லாத காட்சிதான், ஆனால் வெட்டிவிட்டால் படம் பாதியாகிவிடும்.

பெரியவராக வரும் கார்லோ பத்திஸ்தி நடிகரே இல்லை. ஃப்ளாரன்ஸில் மொழியியல் பேராசிரியர். டி சிகா இந்தப் படத்தைத் தன் அப்பாவுக்குச் சமர்ப்பித்தார். அவர் பெயரும் உம்பர்தோதான். படம் வந்தபோது ஓடவில்லை. பின்னாளில் இத்தாலியின் பிரதமரான ஆந்திரியோத்தி, இந்தப் படம் நாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது என்று பகிரங்கமாகவே கடிதம் எழுதினார். பென்ஷனை உயர்த்தச் சொல்லி முதியவர்கள் ஊர்வலம் போவதில் ஆரம்பிக்கிற படம் ஆட்சியில் இருப்பவருக்கு எப்படிப் பிடிக்கும்?

கடைசியில், எஜமானரையே நம்பாமல் ஃப்ளைக் விலகிப் போகிறது. ஏன் என்பதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பூங்காவில் கிடந்த ஒரு பைன் மரக் காயை எடுத்துக் காட்டி, விளையாட வரச்சொல்லி நாயிடம் கெஞ்சுகிறார் பெரியவர். வாடகைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதும் தெரியாது.