குழம்பியவர் மேல் குற்றமில்லை

"டாக்குமெண்டேஷனை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது." மென்பொருள் அலுவலகங்களில் மூத்தவர்கள் புதியவர்களிடம் சொல்லும் இந்த வசனத்தில் பாதிக்கு மேல் பொய். நம்பாதவர்கள், மென்பொருளைக் கட்டமைக்கும் (பில்ட் செய்யும்) கிரேடில் கருவியின் பழைய பில்ட் ஃபைல் ஒன்றைத் திறந்து பார்க்கலாம்.

அதில் ஒரு டாஸ்க்கை இரண்டு விதமாக எழுத முடிந்தது. பெயருக்குப் பின் நேரே நெளி அடைப்பைத் திறக்கலாம். அல்லது இடையில் << என்ற குறியைப் போடலாம். குறி இருந்தால், அந்த டாஸ்க் ஓடும்போது மட்டுமே கட்டளைகள் நடக்கும். இல்லையென்றால், கிரேடில் எல்லாவற்றையும் தயார்படுத்தும் கான்ஃபிகரேஷன் கட்டத்திலேயே நடந்துவிடும். நீங்கள் 'கிளீன்' டாஸ்க்கை மட்டும் ஓடவிட்டாலும் சம்பந்தமில்லாத டாஸ்க்கின் செய்தி திரையில் வந்து நிற்கும்.

எப்போதும் குறியைப் போட்டுவிட்டால் தொல்லை தீருமா? தீராது. கோப்புகளை நகலெடுக்கும் காப்பி வகை டாஸ்க்கில் அதைப் போட்டால், எங்கிருந்து எங்கே என்ற விவரம் உரிய நேரத்தில் போய்ச் சேராது. ஒரு கோப்பும் நகலாகாது. பிழைச் செய்தியும் வராது. பில்ட் வெற்றி என்று மட்டும் கடைசியில் அச்சாகும்!

படித்தவர்களாவது தப்பினார்களா? ஜாவாவில் << என்பது பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்தும் குறி. அந்த பில்ட் ஃபைல் எழுதப்பட்ட குரூவி மொழியில் பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கவும் அதுவே. 'இப்போது வேண்டாம், பிறகு செய்' என்ற பொருளை அதிலிருந்து யார் ஊகிப்பது? டாஸ்க்கின் பெயரை மேற்கோள் குறி இல்லாமல் எழுதுவதும் வழக்கமான குரூவி அல்ல. கம்பைல் ஆகும்போது கிரேடில் அந்த வரியைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஆக, குரூவியைக் கரைத்துக் குடித்தவருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

"பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். 1976இல் பிறந்த மேக் என்ற பில்ட் கருவியில் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும். அது தவறென்று உணர்ந்தபோது பயனர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர்தான்; அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அதை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அப்படியே விட்டார். இன்றும் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் அடித்துவிட்டு விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிரேடில்காரர்கள் அந்த வழியில் போகவில்லை. 3.2 பதிப்பில் << குறியைக் கைவிடப்போவதாக எச்சரித்தார்கள். 2018இல் வந்த 5.0இல் நீக்கியே விட்டார்கள். இப்போது 'டூலாஸ்ட்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். குறை பயனரிடம் என்றால் இதற்கு என்ன அவசியம்? அந்த வார்த்தையை மறந்தால் கட்டளை முந்திக்கொண்டு ஓடும் பழைய வில்லங்கம் மட்டும் இன்னும் தீரவில்லை.

அடுத்த முறை புதியவர் ஒருவர் இப்படித் தடுக்கினால், டாக்குமெண்டேஷன் லிங்க்கை அனுப்பாதீர்கள். அந்த பில்ட் ஃபைலைத் திருத்துங்கள்.