மோடம் டயல் செய்யட்டும், யாருக்கும் போனை எடுக்க வேண்டாம்

வீட்டு கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து இயக்க வேண்டும், வீட்டு கேமராவை ஆபீசிலிருந்து பார்க்க வேண்டும், மோடத்தில் என்ன செட்டிங் செய்வது? புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேமரா மாட்ட வருபவரைக் கேட்டால், "போர்ட் ஃபார்வேர்டிங் போட்டுட்டா போதும் சார்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்து விடுவார். அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

காரணம் புரிய, பழைய டயல்-அப் மோடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த மோடம்களின் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். எஸ்0 என்று ஒரு ரெஜிஸ்டர் அதில் உண்டு. அதன் மதிப்பு 0 என்றால், மோடம் வெளியே டயல் செய்யும். ஆனால் வரும் அழைப்பை எடுக்காது. 1 என்றால், முதல் மணியிலேயே எடுத்துவிடும், அழைப்பது யாராக இருந்தாலும்! ஆபீஸ்களில் பல கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவாக நெட்வொர்க்கில் வைத்த மோடத்துக்கு டயல்-அவுட் மட்டுமே தேவை. அதில் ஆட்டோ ஆன்ஸரை ஆன் செய்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? வரிசையாகப் போன் எண்களை டயல் செய்து, எங்கே மோடம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளும் புரோகிராம்கள் இருந்தன. 1983-ல் வந்த 'வார் கேம்ஸ்' படத்தால் இதற்கு 'வார் டயலிங்' என்றே பெயர் வந்தது.

இன்றைய ஃபைபர் மோடமும் பழக்கத்தில் எஸ்0=0 மாதிரிதான். நீங்கள் கேட்டதற்கான பதில் உள்ளே வரும். கேட்காமல் வருவது வாசலோடு நின்றுவிடும். போர்ட் ஃபார்வேர்டிங் போடுவது, அந்த 0-வை 1 ஆக்குவது போல. எண்களை வரிசையாகத் தட்டுவதும் இப்போது படு சுலபம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட 'இசட்மேப்' புரோகிராம், ஒரு ஜிகாபிட் இணைப்பு இருந்தால் உலகின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று பார்த்துவிடும். உங்கள் வீட்டு முகவரியும் அதில் அடக்கம்.

"என் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்பார்கள். 2016-ல் பரவிய 'மிராய்' வைரஸ் பணத்தைத் தேடி வரவில்லை. கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர்களில் கம்பெனி போட்டுக் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60-ஐ வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது. அந்தக் கருவிகளை ஏவித்தான் 2016 அக்டோபர் 21 அன்று 'டைன்' நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் வரவில்லை. தவிர, அந்த கேமரா எதைப் பார்க்கிறது? அப்பா அம்மா தனியாக இருக்கும் ஹாலை. எந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை முன்பின் தெரியாதவரும் பார்க்கலாம். இதற்கு மேல் திருட என்ன வேண்டும்?

சரி, என்ன செய்வது? வீட்டிலிருந்து இணைப்பு வெளியே போகட்டும். 'டெயில்ஸ்கேல்' போன்ற விபிஎன் புரோகிராமை வீட்டு கம்ப்யூட்டரிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் லாகின் செய்யுங்கள். இரண்டும் வெளியே சென்று ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். மோடத்தில் எதையும் திறக்க வேண்டாம். கேமரா ரெக்கார்டரையும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகவே எட்டலாம். அதற்கு 'சப்நெட் ரவுட்டர்' என்ற வசதி இருக்கிறது. ஒரே தொல்லை, கம்ப்யூட்டர் ஆனில் இருக்க வேண்டும், ஸ்லீப்புக்குப் போகக் கூடாது. கேமரா கம்பெனியின் சொந்த ஆப்பும் வெளியே போகும் இணைப்புதான். சுலபம், ஆனால் அந்தக் கம்பெனியையும் அதன் சர்வரையும் நம்ப வேண்டும். எனக்கு அது இரண்டாம்பட்சம்.

இன்னொன்று. பல வீடுகளில் போர்ட் ஃபார்வேர்டிங் போட்டாலும் வேலை செய்யாது. மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ ஆரம்பித்தால், ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கூடுதல் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். மேலே சொன்ன முறைக்கு அது தேவையே இல்லை.

இன்று மாலையே பிரவுசரில் 192.168.1.1 என்று டைப் செய்து பாருங்கள் (சில மோடங்களில் வேறு எண் இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள்). அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்யுங்கள். ஃபார்வேர்டிங் பட்டியலில் ஏதாவது இருந்தால் அழித்து விடுங்கள். யூபிஎன்பி ஆனில் இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். அதையும் ஆஃப் செய்யுங்கள். வீட்டில் கேம் விளையாடும் பையன் ஒருவேளை சண்டைக்கு வருவான், சமாளியுங்கள். ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து சோதிக்கும்போது போனில் வை-ஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வை-ஃபையில் இருந்துகொண்டு பார்த்தால், எந்த செட்டிங்கும் செய்யாமலே கேமரா தெரியும்.